படுத்தவரும் படுத்தியவர்களும்

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்ட அன்று மாலை கண்ணாடிக்காரர் ஒரு சபதம் செய்தார். சபதம் செய்வது அவருக்குப் புதிதல்ல. உடம்பை இளைக்க வைக்கப் போவதாக, விடியற்காலையில் எழுந்திருக்கப் போவதாக, மனைவி சொல்வதற்கெல்லாம் இனிமேல் தலையாட்டப் போவதில்லை என்பதாக, இதுவரை அவர் செய்த சபதங்களை வரிசையில் நிற்க வைத்தால் தெருமுனையைத் தாண்டும். நிறைவேறியவற்றை நிற்க வைக்க இடமே தேவைப்படாது.

கண்ணாடிக்காரர் என்றால் கண்ணாடி போட்டவர் இல்லை, போட்டுவிடுகிறவர். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. நாள் முழுக்க இருட்டறையில் நின்றுகொண்டு, "இப்பத் தெளிவா தெரியுதா? இப்ப? முன்னாடி போட்டது நல்லாருந்துதா, இதா?" என்று கேட்டுக் கேட்டு, மனைவி காபியை நீட்டினால்கூட "நேத்து போட்டது நல்லாருந்துதா, இதா?" என்று யோசிக்கிற அளவுக்குத் தொழில் அவருக்குள் ஊறிப்போயிருந்தது. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை வாங்கிக் கொடுத்தவர். தன் வீட்டில் என்ன நடக்கிறது என்பது மட்டும் அவர் கண்ணில் பட்டதே கிடையாது.

மனைவிக்கு ஒரு தண்ணீர்க் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று எரிமலையாகக் கொதித்துக்கொண்டு ஒருவர் கூப்பிடுவார். அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டாள். "உங்க கஷ்டம் புரியுது" என்பாள். "பதிவு பண்ணிக்கிட்டேன்" என்பாள். கடைசியில் "வேற ஏதாவது உதவி வேணுமா?" என்பாள். அந்த ஆள் "வேணாம்மா, ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பார். தண்ணீர் அப்போதும் வந்திருக்காது.

அப்படிப்பட்டவளிடம்தான் அவர் சபதம் செய்தார்.

"பக்கத்துத் தெருவுல பிள்ளைங்களுக்குக் கோடை முகாம் நடத்துறாங்களாம். நீச்சல், ஓவியம், நாடகம் எல்லாம் இருக்காம். ரெண்டு பேரையும் சேர்த்துடலாங்களா?" என்று அவள் ஆரம்பித்தாள்.

"எவ்வளவு?"

சொன்னாள்.

"நீச்சல் கத்துக்கவா இவ்வளவு? இந்தக் காசுக்குக் கடலையே விலைக்கு வாங்கிடலாமே!"

"கடல் வாங்கினா வைக்க இடம் இல்லைங்க. முகாம்னா காலையில விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டு வந்துடலாம்."

"ஒண்ணும் வேணாம். எனக்குத்தான் லீவு இருக்கே. பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன். சும்மாவே."

"சும்மாவேன்னா?"

"சும்மாதான். காசு செலவில்லாம."

"லீவுல சும்மா இருக்கப் போறேன்னு சொன்னீங்களே?"

"ஆமா. சும்மாதான் இருக்கப் போறேன்."

"அவங்களுக்கும் சும்மா, நீங்களும் சும்மா. ரெண்டு சும்மாவும் ஒண்ணா வராதுங்க. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

"ரெண்டும் வரும். வரவெச்சுக் காட்டறேன் பாரு!"

இங்கே கண்ணாடிக்காரருக்காகக் கொஞ்சம் பரிந்து பேச வேண்டும். அந்த லீவு அவர் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. வருஷம் முழுக்க நின்றே வேலை பார்க்கிற மனுஷன். அவருடைய ஆசையெல்லாம் கூடத்துச் சோபாவில் காலை நீட்டிப் படுத்து, மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் கிடப்பது. அதற்காக அவர் ஏங்கினார். முகாமுக்குப் பணம் கட்டினால் லீவைப் பாதியில் முறித்துக்கொண்டு கூடுதல் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே பணமும் போகக் கூடாது, படுக்கையும் போகக் கூடாது.

"சரிங்க, உங்க கோரிக்கை புரியுது. நான் தலையிடவே மாட்டேன். முடியலேன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, முகாம்ல சேர்த்துடலாம். வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றாள் மனைவி.

"வேணாம். ரொம்ப நன்றி" என்றார் கண்ணாடிக்காரர். நன்றி சொல்லித் தொலைத்துவிட்டோமே என்பது படுக்கப் போகும்போதுதான் உறைத்தது.

முதல் நாள் காலை, பெண்ணையும் பையனையும் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். பெண் பெரியவள். எதையும் சட்டம் பேசித்தான் ஒப்புக்கொள்வாள். பையன் சின்னவன். எதையும் ஒப்புக்கொண்டுவிட்டு அழுவான்.

"ஒரு போட்டி. யாரு ரொம்ப நேரம் பேசாம இருக்காங்களோ அவங்க ஜெயிச்சாங்க. வாயைத் திறந்தா அவுட்டு."

"சைகை பண்ணலாமா?" என்றாள் பெரியவள்.

"சைகையும் கூடாது."

"எழுதிக் காட்டலாமா?"

"அதுவும் கூடாது. போட்டி ஆரம்பிச்சாச்சு."

வீடு அமைதியானது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். அப்படியே கண் சொக்கியது. ஏதோ ஆற்றங்கரையில் படுத்திருப்பது போல ஒரு கனவு. முதுகெல்லாம் ஜில்லென்று சுகமாக இருந்தது. தொங்கவிட்டிருந்த கையால் தண்ணீரை அளைந்தார். உண்மையிலேயே தண்ணீர்.

பதறி எழுந்தார். குளியலறையிலிருந்து கூடத்துக்கு வெள்ளம் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டும் நாற்காலிமேல் ஏறிச் சம்மணம் போட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவருடைய செருப்பு ஒன்று மிதந்து வாசற்படியை நெருங்கிக்கொண்டிருந்தது.

"டேய்! குழாயைத் திறந்துவிட்டது யாரு? தண்ணி வழியுதுன்னு ஏண்டா சொல்லல?"

சின்னவன் உதட்டை இன்னும் இறுக்கினான்.

"சொல்லுடா!"

"சொன்னா தோத்துடுவேனே!" என்று கத்தினான் சின்னவன். உடனே வாயைப் பொத்திக்கொண்டு, தோற்றுவிட்டதற்காக ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"நான்தான் ஜெயிச்சேன்!" என்றாள் பெரியவள். "பரிசு என்னப்பா?"

சாயங்காலம் வரைக்கும் கண்ணாடிக்காரர் குனிந்து தண்ணீர் துடைத்தார். உள்ளறையில் மனைவி யாரிடமோ, "உங்க வீட்டுல தண்ணியே வரலைங்களா? உங்க கஷ்டம் புரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பிள்ளைகள் இரண்டும் அவரைப் படுத்தி எடுத்தன. உப்புமூட்டை தூக்கச் சொன்னார்கள். யானையாகச் சொன்னார்கள். யானை இரண்டு சுற்று வந்ததும் முட்டி தேய்ந்து அப்படியே தரையில் கவிழ்ந்தது. கவிழ்ந்த இடத்தில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. இவர்கள் படுத்துவதால்தானே என்னால் படுக்க முடியவில்லை? நான் படுத்துக்கொள்வதே விளையாட்டு என்றால்?

"ஆஸ்பத்திரி விளையாடலாம்!" என்றார் தரையிலிருந்தே. "நான் நோயாளி. நீங்க டாக்டருங்க."

"நான்தான் நோயாளி!" என்றான் சின்னவன்.

"ஐயோ, நோயாளியா இருக்கறது ரொம்பக் கஷ்டம்டா. டாக்டர் சொல்றதுதான் சட்டம். நோயாளி எதிர்த்துப் பேசக்கூடாது. சொன்னதைச் செய்யணும். அந்தக் கஷ்டமெல்லாம் உனக்கு வேணாம், அப்பா படறேன்."

பெரியவள் கண்ணைச் சுருக்கி யோசித்தாள். "டாக்டர் என்ன சொன்னாலும் செய்யணுமா?"

"என்ன சொன்னாலும்."

வாய் கொழுத்துப்போய் அவர் சொன்ன வார்த்தை அது. அந்த நேரத்தில் அப்படித் தெரியவில்லை. சோபாவில் ஏறிப் படுத்தார். ஒருத்தி நாடி பார்த்தாள். ஒருவன் வயிற்றில் காதை வைத்து, "உள்ள யாரோ பேசறாங்க" என்றான். கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு வைத்தியம் செய்ய, நோயாளி குறட்டை விட்டார். குறட்டையைக்கூட ஒரு புது வியாதி என்று முடிவு கட்டி அதற்கும் மருந்து கொடுத்தார்கள். எழுந்தபோது உடம்பெல்லாம் கழிவறைக் காகிதத்தால் கட்டுப் போட்டிருந்தது. அதனால் என்ன? தூங்கிய தூக்கம் தூக்கம்தானே.

"பார்த்தியா!" என்றார் மனைவியிடம். "ரெண்டு சும்மாவும் வந்தாச்சு!"

"நல்லா இருக்குங்க" என்று அவள் அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு முறை பார்த்தாள். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியின் விலைச் சீட்டைப் பார்ப்பது போன்ற பார்வை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் மாடி வீட்டுப் பல் டாக்டரின் இரட்டைப் பையன்கள் வந்தார்கள். அதற்கு மறுநாள் கீழ்வீட்டுப் பாட்டு டீச்சர் மகள் வந்தாள். ஆஸ்பத்திரி வளர்ந்தது. இரட்டையர்கள் வாய்க்குள் டார்ச் அடித்து, எந்தப் பல்லைப் பிடுங்குவது என்று தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். பாட்டு டீச்சர் மகள் பாடியே குணமாக்குகிறேன் என்று காதருகில் உச்சஸ்தாயியில் ஆரம்பித்தாள். பெரியவள் தலைமை டாக்டர் ஆனாள்.

தலைமை டாக்டருக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது. உள்ளறைக்குப் போனாள். திரும்பி வந்தாள்.

"பெரிய டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். நோயாளி படுத்தே கிடந்தா ரத்தம் உறைஞ்சுடுமாம். கையை மேலே தூக்கணுமாம்."

கண்ணாடிக்காரர் படுத்தபடியே கையைத் தூக்கினார்.

"இன்னும் மேலே. பரண் வரைக்கும். அங்க இருக்கிற பழைய பெட்டியையெல்லாம் இறக்கணும்னு சொன்னாங்க."

"பெட்டியா? அது என்ன வைத்தியம்?"

"நோயாளி எதிர்த்துப் பேசக்கூடாது!" என்று டாக்டர்கள் ஐந்து பேரும் கத்தினார்கள்.

அன்றைக்குப் பரண் காலியானது. அடுத்த நாள் நோயாளிக்குத் தோள் பிடித்திருப்பதாகத் தெரிந்து, தோளைச் சுழற்றுவதற்காக மின்விசிறிகளைத் துடைக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த நாள் இடுப்புக்காக அலமாரியை நகர்த்தினார். விரல்கள் மரத்துப்போகாமல் இருக்கச் சமையலறைத் தொட்டியின் அடைப்பை எடுத்தார். இந்த வியாதிகளையெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்துப் பார்த்தார். போன வருஷமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மனைவி வாயால் கேட்டவைதான்.

"தலையிடவே மாட்டேன்னு சொன்னியே!" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பாய்ந்தார்.

"நான் எங்கங்க தலையிட்டேன்? டாக்டருங்க வந்து ஆலோசனை கேட்டாங்க. கேட்டதுக்குச் சொன்னேன்."

"இது அநியாயம்!"

"உங்க குறையைப் பதிவு பண்ணிக்கிட்டேன். முடியலேன்னா சொல்லுங்க, முகாம்ல..."

"முடியும்! முடியும்!"

அன்றிரவு முழுக்க யோசித்து எதிர்த்தந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். மறுநாள் டாக்டர்கள் வந்ததும் சோபாவில் மல்லாந்து விழுந்து நாக்கைத் தள்ளினார். "நோயாளிக்கு நினைவு தப்பிடுச்சு" என்று தானே அறிவித்தார். "நினைவு தப்பினவனால பெட்டி தூக்க முடியாது. அலமாரி நகர்த்த முடியாது. இது உலகம் முழுக்க இருக்கற வைத்திய விதி."

"நினைவு தப்பினவங்க பேசுவாங்களா?" என்றாள் பெரியவள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். தலைமை டாக்டர் உள்ளே போய் ஆலோசனை கேட்டு வந்தாள்.

"கண்ணு ரெண்டையும் கட்டணுமாம். நினைவு திரும்பற வரைக்கும் அவிழ்க்கக் கூடாதாம். அசையாம படுத்தே கிடக்கணுமாம்."

கண்ணாடிக்காரருக்கு உள்ளுக்குள் சிரிப்புத் தாளவில்லை. இருட்டு! படுக்கை! அசையக் கூடாது என்று உத்தரவு வேறு! பெரிய டாக்டரம்மா தோற்றுப்போனாள். கண்ணை மூடி முகத்தை நீட்டினார். நன்றாக இறுக்கிக் கட்டினார்கள்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் அவர் வாழ்க்கையின் பொற்காலம். காலையில் கண்ணைக் கட்டினால் சாயங்காலம்தான் அவிழ்ப்பார்கள். சுற்றிலும் டாக்டர்கள் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். குரல்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போன மாதிரி இருந்தது. அவர் எண்ணவில்லை. எண்ணுவதும் ஒரு வேலைதானே. அவ்வப்போது வாசல் மணி அடிக்கும். மனைவியின் குரல் கேட்கும். "ஆமாங்க, நாளைக்கே அனுப்பலாம்... சரியா இருக்குங்க, ரொம்ப நன்றி." அக்கம்பக்கத்தார் தன் பெருமையைக் கேள்விப்பட்டு நன்றி சொல்ல வருகிறார்கள் என்று எண்ணிக் கட்டுக்குள்ளேயே கண் கலங்கினார்.

ஒரு மத்தியானம் மற்ற டாக்டர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நிஜமாகவே தூக்கம் வரும் நேரம். சின்னவன் வந்து அவர் நெஞ்சில் தலை வைத்துப் படுத்தான்.

"அப்பா" என்றான் ரகசியமாக. "நிஜமா நினைவு தப்பிடலதானே? விளையாட்டுக்குத்தானே?"

அவர் சட்டத்தை மீறிப் பையன் கையை ஒரு அழுத்து அழுத்தினார். அவன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். அப்படியே இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள். அந்த ஒரு தூக்கத்துக்காகவே எத்தனை பரணை வேண்டுமானாலும் காலி செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது. அது உண்மையும்கூட.

லீவின் கடைசி நாள் சாயங்காலம் கண்கட்டை அவிழ்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, காலாற நடக்கலாம் என்று படியிறங்கினார். மாடி வீட்டுப் பல் டாக்டர் எதிரே வந்தார். வாயெல்லாம் பல்.

"பிரமாதம் சார்! என் பசங்க வேற எதைப் பத்தியும் பேசறதில்ல. அந்தக் கோடை முகாம் கேட்டதுல பாதிதான் நீங்க வாங்கறீங்க. அங்கெல்லாம் இப்படி உயிரோட ஒரு ஆளைப் போட்டுக் கத்துக் கொடுக்கறாங்களா என்ன?"

"நான் வாங்கறேனா? எதை?"

"பீஸைத்தான் சார். உங்க மிஸஸ்கிட்ட மொத்தமா கட்டிட்டேன்."

கண்ணாடிக்காரர் அப்படியே திரும்பி இரண்டிரண்டு படியாக ஏறினார். கோபமாகத்தான் ஏறினார். ஆனால் ஏற ஏறக் கோபம் இறங்கி, வீட்டு வாசலை அடையும்போது முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. படுத்துக்கொண்டே சம்பாதித்திருக்கிறாரே! உலகத்தில் எவனுக்கு இது வாய்க்கும்?

"எங்கே பணம்?" என்றார் உள்ளே நுழைந்ததுமே.

மனைவி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை.

"பிள்ளைங்களைக் கோடை முகாம்ல சேர்த்துட்டேங்க. நாளையிலேருந்து போறாங்க."

"நாளையிலேருந்தா? அதான் லீவு முடிஞ்சுபோச்சே!"

"முடிஞ்சது உங்க லீவு. பள்ளிக்கூடத்து லீவுல இன்னும் பாதி இருக்கு. உங்க கைக்காசு ஒண்ணுகூடப் போகல. நீச்சல், ஓவியம், நாடகம் மூணுத்துக்கும் கட்டியாச்சு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே தோற்றோம் என்று தேடிப் பார்த்தார். எங்கேயும் அகப்படவில்லை. பிள்ளைகளுக்கு முகாம் கிடைத்துவிட்டது. காசு போகவில்லை. தூங்கவும் தூங்கியாகிவிட்டது. வீடு வேறு பளபளவென்று இருந்தது. நினைத்துப் பார்க்கப் பார்க்க, இது மொத்தமும் தன் யோசனைதான் என்றே அவருக்குப் பட்டது.

"பரவாயில்ல. நல்ல காரியம்தான்" என்றார் பெருந்தன்மையாக. "நாளைக்கு நான் கடைக்குப் போயிடறேன். இனிமே ஆஸ்பத்திரிக்கு விடுமுறை."

"அது எப்படிங்க? மத்தவங்கெல்லாம் பள்ளிக்கூடம் திறக்கற வரைக்கும் சேர்த்துல்ல கட்டியிருக்காங்க. நம்ம பிள்ளைங்கதான் நாளைக்கு இருக்க மாட்டாங்க. அவங்க பிள்ளைங்க வருவாங்க."

"நோயாளி கடையில இருப்பானே!"

"இருக்க வேணாங்க. உங்க முதலாளிகிட்ட மத்தியானமே பேசிட்டேன். பள்ளிக்கூடம் திறக்கற வரைக்கும் லீவை நீட்டிக் கொடுத்துட்டாரு. சம்பளத்தோட."

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "அந்த மனுஷனா? ஒரு நாள் லீவு கேட்டா நெஞ்சைப் பிடிச்சுக்குவாரே! எப்படிச் சம்மதிச்சாரு?"

"நான் ஒண்ணுமே கேக்கலைங்க. அவர் கஷ்டத்தை அவரே சொன்னாரு, பதிவு பண்ணிக்கிட்டேன். தன்னோட மூணு பசங்களையும் காலையில அவரே கொண்டுவந்து விடறாராம், நீங்க எழுந்துகூட வர வேணாமாம்."